லேபிள் மாறிய உமரி

பசை காய்ச்சுவது எப்படி, காய்ந்த செடியை முறியாமல் தூக்குவது எப்படி என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அதைச் சொல்லித்தர உங்கள் பிரிவிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று மாதம் கை பழகினால் தானாக வந்துவிடும். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, நான் நன்றாகச் செய்த வேலைகளையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் கெடுத்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. என் பெயர் ஸ்டெல்லா. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் ராயபுரம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பிளஸ் டூ முடித்து டைப்பிங்கும் படித்திருந்த என்னை, நம் கல்லூரித் தாவரவியல் துறையில் ஆய்வக உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள். ஆய்வகம் என்றால் கண்ணாடிக் குழாயும் ஆசிட் பாட்டிலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். மாடியில் ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். சுவர் முழுக்க இரும்பு அலமாரிகள். ஒவ்வோர் அலமாரியிலும் அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு காய்ந்த செடி, மூலையில் ஒரு லேபிள். ஹெர்பேரியம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது, "காஞ்ச எலைக்கு சம்பளம் குடுக்கறாங்களா?" என்று கேட்டாள்.

அந்த அறையின் ஜன்னலைத் திறக்க மாட்டோம். அப்போது துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்த காலம். ராயபுரத்தில் வெள்ளைத் துணியை மொட்டை மாடியில் காயப்போட யாருக்கும் தைரியம் வராது. ஜன்னல் விளிம்பில் விரலை வைத்தால் விரல் நுனி கறுத்துவிடும். அதனால் அறைக்குள் எப்போதும் புழுக்கம், எப்போதும் அந்துருண்டை வாசனை. மாலையில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சுற்றுமுற்றும் மோந்து பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு அம்மா, "பீரோவுக்குள்ள குந்திகினுகீற மாதிரி கீதே" என்றே சொல்லிவிட்டாள். இன்றைக்கும் பட்டுப்புடவையை வெளியே எடுக்கும்போது அந்த வாசனை வந்தால் எனக்குக் கல்யாண ஞாபகம் வருவதில்லை. அந்த அறைதான் வருகிறது. மேசைமேல் பரப்பிய உறிஞ்சுதாள், சூடு ஆறும் பசைக் கிண்ணம், தூரத்தில் கப்பல் ஊதுவது, கீழே மாணவிகள் சிரித்துக்கொண்டு போவது. ஓய்வு பெற்ற பிறகு காலை ஒன்பது மணி ஆனால் கை சும்மா இருக்கத் தெரியாமல் தவித்தேன். இத்தனைக்கும் வேலையில் இருந்தபோது தினமும் சலித்துக்கொண்டவள் நான்.

செடி ஒட்டிய அட்டையை ஷீட் என்போம்; அங்கிருந்த பழைய ஷீட்டுகளில் பெரும்பங்கு ஒரே மனிதர் சேர்த்தவை. வெள்ளைக்காரர் காலத்தில் சுங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். வாரம் முழுக்கக் கணக்கெழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை படகு பிடித்து எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய்ச் செடி பறித்து வந்திருக்கிறார். சில வருடம் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு மாற்றலாகிப் போனபோது அங்கேயும் பறித்திருக்கிறார். அவர் கையெழுத்து எறும்பு வரிசைபோல் சின்னதாக, நேராக இருக்கும். அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருடைய 'ட'வும் 'ண'வும் எப்படி இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் கல்லூரிக்கு ஓர் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. துறைத் தலைவர் அலமாரிகளைத் திறந்து பார்த்து முகம் சுளித்தார். அட்டைகள் பழுத்து, ஓரம் பொடிந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. நல்லதாக அறுபது ஷீட்டுகளைப் பொறுக்கி, செடியையும் லேபிளையும் புது வெள்ளை அட்டைக்கு மாற்றச் சொன்னார். அதற்கு எனக்குக் கொடுத்தது ஒரு வாரம்.

கடைசி நாள் மதியம் மேசைமேல் அந்தக் குமாஸ்தாவின் இரண்டு ஷீட்டுகள் மிச்சமிருந்தன. இரண்டும் உமரி. கடலோரச் சேற்றில் வளருமே, கீரையாகக் கூட அவித்துத் தின்பார்களே, அந்த உப்புச் செடிதான். உயிரோடிருக்கும்போது தண்ணீர் நிறைந்து தளதளவென்று இருக்கும். காய்ந்துவிட்டால் கறுத்துச் சுருங்கி, கருகிய குச்சி மாதிரி ஆகிவிடும். ஒன்று எண்ணூரில் பறித்தது, மற்றது தூத்துக்குடி உப்பளத்தில் பறித்தது. பழைய அட்டையிலிருந்து இரண்டு செடிகளையும் எடுத்து உறிஞ்சுதாளில் வைத்தேன். வேரில் மண் ஒட்டியிருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்தேன். லேபிள்களையும் பெயர்த்து அந்தந்தச் செடியின் பக்கத்தில் வைத்தேன். மின்சாரம் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வியர்வை சொட்டிச் செடியில் விழாமல் இருக்க முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மின்சாரம் வந்தது. நான் அணைக்க மறந்த மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. இரண்டு லேபிள்களும் பறந்து அலமாரிக்கு அடியில் போய் விழுந்தன.

குனிந்து எடுத்தேன். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. மேசைமேல் இரண்டு கறுத்த குச்சிகள். எது எதன் லேபிள் என்று எனக்குத் தெரியவில்லை. பழைய அட்டைகளை ஏற்கெனவே கிழித்துக் கூடையில் போட்டிருந்தேன். வேரில் இருந்த மண்ணாவது ஏதாவது சொல்லியிருக்கும், அதையும் தட்டிவிட்டிருந்தேன். பெரிய செடி ஜன்னல் பக்கம் இருந்தது என்று தோன்றியது. அதற்கு எண்ணூர் லேபிளை வைத்தேன். இல்லை என்று மாற்றினேன். மறுபடி மாற்றினேன்.

அந்த நேரம் துறைத் தலைவர் வாசலில் வந்து நின்றார்.

"முடிஞ்சுதா ஸ்டெல்லா?"

"முடிஞ்சுது சார்."

சொல்லிவிட்டு ஒட்டினேன். இரண்டும் உமரிதானே, இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஆய்வுக் குழு வந்தது. அந்த அறுபது ஷீட்டுகளைப் பார்த்து, "ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க" என்று ஒருவர் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் யாரும் பார்க்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனது, இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், பெயர்ப்பலகையில் உதவியாளர் என்பது காப்பாளர் என்று மாறியது. இடையிடையே உமரி இருக்கும் அலமாரியைத் திறக்கும்போது மட்டும் அந்த இரண்டு ஷீட்டுகளையும் பார்க்காமல் புரட்டிவிடுவேன். பிறகு அதுவும் பழகிவிட்டது.

அப்புறம் ஸ்கேன் செய்யும் வேலை வந்தது. ஒவ்வொரு ஷீட்டையும் படமெடுத்து, லேபிளில் உள்ளதைக் கணினியில் ஏற்றி, எந்த நாட்டிலிருந்தும் பார்க்கும்படி வைப்பது. அந்த வேலைதான் என் பணிக்காலத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. அதுவரை காஞ்ச இலை என்று கேலி செய்தவர்கள்கூட மாடியேறி வந்து பார்த்தார்கள். திருவொற்றியூரை வெள்ளைக்காரர் எழுத்தில் தாறுமாறாக எழுதியிருந்த ஒரு லேபிளைக் கணினி கேரளத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. "அது நம்ம தேரடி கீற ஊருப்பா" என்று நான் சொன்ன பிறகு ஸ்கேன் செய்தவர்கள் திருத்தினார்கள். பழைய ஊர்ப் பெயர், இல்லாமல் போன உப்பளம், தூர்ந்த கால்வாய் எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. லேபிளை நம்பித்தான் இந்த வேலை முழுவதும் நடக்கிறது என்பது அப்போதும் எனக்கு உறைக்காமல் இல்லை. உறைத்ததைத் தள்ளி வைத்தேன்.

கௌதமி அந்தச் சமயத்தில்தான் வந்தாள். எம்.கே.பி. நகர்ப் பெண். அம்மா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை. அவர்கள் குடும்பத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்த முதல் ஆள் அவள். எண்ணூரில் இன்று வளரும் உப்புச் செடிகளைப் பழைய ஷீட்டுகளோடு ஒப்பிட்டு, எது இருக்கிறது, எது போய்விட்டது, பெயர்களில் எது சரி என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. சேற்றில் இறங்கப் பயப்பட மாட்டாள். துறையில் எல்லோரிடமும் அளந்து பேசுவாள். என்னிடம் மட்டும் வீட்டுப் பேச்சு பேசுவாள். இரண்டு வருடம் மதியச் சாப்பாட்டை நாங்கள் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அவள் கொண்டுவரும் நெத்திலிக் குழம்புக்காகவே நான் சோறு மட்டும் கட்டிக்கொண்டு போன நாட்கள் உண்டு.

எண்ணூர் என்று லேபிள் ஒட்டிய அந்த உமரியிலிருந்து உதிர்ந்து கிடந்த ஓர் இலைத் துணுக்கை அவள் மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்த அன்று மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடி வந்தாள்.

"அக்கா, இது எண்ணூர்ல இப்ப கீற உமரியே இல்ல. ஒப்பிட்டுப் பாக்கக் கெடைச்ச எதோடயும் சேரல. வேற ஜாதி. பறிச்சு நூறு வருஷம் ஆன செடி, அப்பால எண்ணூர்லயே இல்லாம பூட்ச்சு. யாரும் பேரே வைக்காத செடிக்கா!"

நான் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தேன். "அப்படியா" என்று மட்டும் சொன்னேன்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் இன்னும் அதிகமாகச் சந்தோஷப்பட்டார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். கட்டுரை எழுதினார்கள். புது இனத்துக்கு எண்ணூரின் பெயரையே வைப்பது என்று கௌதமி பிடிவாதமாக இருந்தாள். ஒரு மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"நம்ம ஏரியா பேர சொன்னா இன்னா சொல்றாங்க? சாம்பல், குப்பை, கலீஜ். உலகத்துல ஒரு செடிக்காவது எண்ணூர்னு பேரு இருக்கட்டும்க்கா. அழிஞ்சு போன செடியா இருந்தாலும் பரவால்ல."

நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். எனக்கும் அது வேண்டும்போல் இருந்தது. அதோடு நான் ஓய்வு பெற இரண்டு மாதம்தான் இருந்தது. அன்று ஒருவேளை நான் சரியாகவே ஒட்டியிருக்கலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டில் ஒன்று சரியாக இருக்க வாய்ப்பு உண்டே. அந்தப் பாதி வாய்ப்பைப் பிடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினேன். கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதமும் வந்துவிட்டது. அச்சுக்குப் போக மூன்று வாரம் இருந்தது.

கடைசியாக ஒருமுறை கழிமுகம் முழுக்கத் தேடிப் பார்த்துவிடலாம், எங்காவது ஒரு செடி ஒளிந்துகொண்டிருந்தாலும் இருக்கும் என்று கௌதமி என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். முகத்துவாரக்குப்பத்தில் இறங்கினோம். அக்கரையில் அத்திப்பட்டு அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் வானத்தில் குத்திக்கொண்டு நின்றன. சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு நண்டு வாங்க வந்த இடம். அப்போது தண்ணீரில் காலை வைத்தால் விரல்கள் தெரியும். இப்போது கரைச் சேறு சாம்பல் கலந்து சிமெண்டு நிறத்தில் இருந்தது. அந்தச் சேற்றிலும் உமரி திட்டுத்திட்டாகச் சிவந்து வளர்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

படகுத் துறையில் ஒரு அம்மா எறா உரித்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். பெயர் காசியம்மா என்றாள். கௌதமி தன் ஃபோனில் ஷீட்டின் படத்தைக் காட்டினாள்.

"இது இன்னா பாப்பா, கருவாடாட்டம் கீது?"

கௌதமி சிரித்துவிட்டு விளக்கினாள். உதிர்ந்த இலை ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்திருந்தாள் அவள். ஊறியபோது அது நீளமாக இல்லாமல், மணி மணியாக உருண்டு திரண்டிருந்ததாம். அந்தப் படத்தையும் காட்டினாள்.

காசியம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "எங்க ஆத்துல உமரி நீட்டு எலை. இந்த மாதிரி மணி மணியாலாம் கெடையாது."

"முன்ன இருந்திருக்கும்மா. உங்க பாட்டி காலத்துல."

"எங்காயா எனக்குக் கதை கதையா சொல்லும். மீனு கெடைக்காத மாசத்துல உமரிய அவிச்சு, ரெண்டு தண்ணி வடிச்சு, அதான் சோறு. எந்தெந்த மேட்டுல எது மொளைக்கும்னு சொல்லிகினே இருக்கும். இத சொன்னதில்ல." ஃபோனைத் திருப்பிக் கொடுத்தவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்: "பேரு மாறிப் பூட்ச்சா இன்னா? மார்க்கெட்டுல எங்களுக்கே ஆவும். கூடை மாறிட்டா காசிமேட்டு மீன எண்ணூர் மீனுன்னு வித்துனு பூடுவாளுங்க."

கௌதமி, "அதெல்லாம் மாறாதும்மா. இந்தக்கா கையில கீற வரைக்கும் ஒண்ணும் மாறாது" என்று என் தோளைத் தொட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிப்போனாள். திருவொற்றியூர் வரைக்கும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றதால் பஸ் நகரவே இல்லை. அவள் காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. இத்தனை வருடத்தில் என்னை அவ்வளவு நம்பிய ஆள் வேறு யாருமில்லை என்று தோன்றியது. வீட்டில் கணவரிடம் முதல்முறையாக விஷயத்தைச் சொன்னேன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரிடையர் ஆகற நேரத்துல எதுக்கு இந்த பேஜாரு? உட்டுடேன்" என்றார். சற்றுக் கழித்து, "ஆனா நீ உடமாட்ட" என்றும் அவரே சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நேராக எம்.கே.பி. நகருக்குப் போனேன். மூன்றாவது மாடி. உள்ளே சுவரில் புத்தர் படம், அதற்குக் கீழே கௌதமி வாங்கிய பரிசுக் கோப்பைகள். அவள் அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "எம்பொண்ணு ஒரு செடிக்குப் பேரு வைக்கப் போவுதாமே! கம்பெனில எல்லாத்துக்கும் சொல்லிட்டேன்" என்று சொல்லி டீ போட உள்ளே போனாள். அந்த டீயைக் குடித்தேன். எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை. பிறகு கௌதமியைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். மின்விசிறி, லேபிள், கூடையில் போட்ட அட்டை, தட்டிவிட்ட மண், "முடிஞ்சுது சார்".

நான் சொல்லி முடிக்கும்வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முப்பது வருஷம் வாய மூடிகினு இருந்தீங்க. இன்னும் ஒரு மாசம் மூடிகினு இருந்திருக்கலாம் இல்ல?"

"இருந்திருக்கலாம்மா. முடியல."

"இல்லன்னா ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாம். தெனம் ஒரே தட்டுல துன்னுகினு இருந்தோமே. அப்ப சொல்லல." வீட்டுப் பக்கம் திரும்பினாள். "போங்கக்கா. அம்மா வந்துடும்."

அவள் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கினேன்.

திங்கட்கிழமை நான் போவதற்கு முன்பே அவள் பேராசிரியரின் அறையில் இருந்தாள். என்னையும் கூப்பிட்டார்கள். நடந்ததை மறுபடி சொன்னேன். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஸ்டெல்லாம்மா, முப்பது வருஷத்துக்கு முந்தைய உங்க ஞாபகம் ஒரு ஆதாரம் ஆகுமா? மாறிடுச்சுன்னு உங்களுக்கே நிச்சயமா தெரியல. கட்டுரைய ஏத்துக்கிட்டாங்க. லேபிள்ல கையெழுத்து அசல். இந்த நேரத்துல இதக் கெளப்பினா இந்தப் பொண்ணோட ரெண்டு வருஷ உழைப்பு போகும். உங்க பேரும் கெடும். யோசிங்க."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த இடத்தில் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். 'ஆமாம் சார், வயசாயிடுச்சு, குழப்பமா இருக்கு' என்று சொன்னால் போதும். என் நாக்கு நுனிவரைக்கும் அது வந்தது. அப்போது கௌதமி பேசினாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அந்த இன்னொரு ஷீட் இருக்கு சார். தூத்துக்குடின்னு ஒட்டினது. அதுலயும் ஒரு துணுக்கு எடுத்து டெஸ்ட் பண்ணா தெரிஞ்சுடும். அது எண்ணூர்ல இப்ப வளர்ற உமரியோட சேர்ந்துச்சுன்னா லேபிள் மாறினது உண்மை."

"சேர்ந்துச்சுன்னா உன் கட்டுரை போச்சும்மா."

"தெரியும் சார்."

எண்ணூரைத் தவிர வேறு ஊர்ச் செடிகள் அவள் ஆராய்ச்சியில் இல்லாததால் அந்த ஷீட்டை யாருமே அதுவரை சோதித்திருக்கவில்லை. காப்பாளர் என்ற முறையில் அனுமதிச் சீட்டில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். இடுக்கியால் ஓர் இலையை எடுத்து உறையில் இட்டேன். அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க உறையை ஒட்டி, ஷீட்டின் எண்ணை எழுதி, இரண்டு முறை சரிபார்த்தேன்.

முடிவு வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் கௌதமி மாடிக்கு வரவில்லை. மதியம் நான் தனியாகச் சாப்பிட்டேன். என் பணிக்காலத்தில் அவ்வளவு நீளமான நாட்கள் வேறு இல்லை. நான் பயந்துகொண்டிருந்தது என் பெயருக்கு என்ன ஆகும் என்பதற்காக அல்ல. மாறவே இல்லை என்று முடிவு வந்துவிட்டால், ஒன்றுமில்லாததற்கு அந்தப் பெண்ணை இவ்வளவு வதைத்துவிட்டேனே என்றும் பயம். மாறியிருக்கிறது என்று வந்தால் அவள் உழைப்பைக் கெடுத்தேனே என்றும் பயம். எந்தப் பக்கம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கோயிலில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவேன்.

ஒரு பிற்பகல் அவள் வந்தாள். மெதுவாகத்தான் படியேறி வந்தாள். மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"மாறித்தான் கீதுக்கா."

நான் பசைக் கிண்ணத்தை மூடினேன்.

"தூத்துக்குடின்னு இருந்ததுதான் எண்ணூர் உமரி. இப்ப காசியம்மா வூட்டாண்ட வளருதே, அதுவேதான். துளி வித்தியாசம் இல்ல." கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அன்று காலையே கடிதம் அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். அந்த மணி மணி இலைச் செடி தூத்துக்குடியில் இன்னும் இருக்கிறதா, அது உண்மையிலேயே பெயரில்லாததுதானா என்பதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உப்புச் செடிகளை ஆராயும் ஒருவருக்குத் தன்னிடமிருந்த படங்கள், முடிவுகள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாள். "அவங்க ஊரு செடி. அவங்க பேரு வைக்கட்டும்" என்றாள்.

"உன் படிப்பு என்னம்மா ஆகும்?"

"ஒரு வருஷம் தள்ளிப் போவும்." மேசைமேல் இருந்த தூரிகையை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். "அப்பால வேற மாதிரி யோசிச்சுப் பாத்தேன்க்கா. எண்ணூர்ல ஒரு செடி அழிஞ்சு பூட்ச்சுன்னு எழுத இருந்தேன். நூறு வருஷம் முன்னாடி அந்தக் குமாஸ்தா பறிச்ச அதே உமரி, இத்தினி சாம்பல்லயும் அப்டியே நின்னுகினு கீது. அத இல்ல நான் எழுதணும்?"

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவோடு மேலே வந்தாள். பழைய மாதிரி வாய் ஓயாமல் பேச இன்னும் சில வாரம் ஆனது.

நீங்கள் ஷீட்டைக் கையில் எடுக்கும்போது பயப்பட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கை தவறும். எல்லோருக்கும் தவறும். லேபிள் பறந்தது தவறு. அது மின்விசிறியின் வேலை. வாசலில் வந்து நின்றவரிடம் "சார், இது ரெண்டும் எதுன்னு தெரியல" என்று ஒரு வாக்கியம் சொல்லாததுதான் என்னுடையது. அவர் திட்டியிருப்பார். ஒரு சீட்டில் 'இரண்டும் கலந்துவிட்டன, நிச்சயமில்லை' என்று எழுதி வைக்கச் சொல்லியிருப்பார். ஐந்து நிமிட வேலை. தெரியவில்லை என்று எழுதிய ஷீட் பின்னால் வருகிறவரைத் தேடவைக்கும். தெரிந்த மாதிரி எழுதிய பொய் அவரைக் குழியில் இறக்கிவிடும். இன்று மரபணு வந்துவிட்டது, கணினி வந்துவிட்டது. நீங்கள் ஒட்டுவதைத்தான் அவையும் நம்பப் போகின்றன.

ஓய்வு பெற இரண்டு நாள் இருக்கும்போது அந்த இரண்டு உமரி ஷீட்டுகளையும் வெளியே எடுத்தேன். நம் வேலையில் பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. தவறென்றாலும் அது இருந்த இடத்திலேயே இருக்க, பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டிப் பெயரும் தேதியும் போட வேண்டும். அந்தச் சீட்டுகளை எழுதுகிறவர்கள் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும்தான். ஒட்டுகிறவர்கள் பெயர் எந்த ஷீட்டிலும் இருக்காது. அதனால் கௌதமியை எழுதச் சொன்னேன். அவள் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே எழுதுங்க. நான் எழுதினா கேள்விப்பட்டதுன்னு ஆயிடும்."

எழுதினேன். 'இந்த லேபிள் இந்தச் செடிக்குரியது அன்று. புது அட்டைக்கு மாற்றியபோது என் கையில் மாறிப்போனது. மற்ற ஷீட்டுடன் மரபணுச் சோதனையில் ஒப்பிட்டு உறுதி செய்யப்பட்டது.' கீழே என் பெயர். முதல் எழுத்து கோணிக்கொண்டது. வேறு சீட்டில் எழுதுகிறேன் என்றேன். இருக்கட்டும் என்று அவளே பசை தடவி ஒட்டி, இரண்டையும் மறுபடி ஸ்கேன் செய்தாள்.

அந்த அலமாரிகளில் நான் ஒட்டிய ஷீட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். என் பெயர் இருப்பது அந்த இரண்டில் மட்டும்தான். எந்தச் செடி எந்த மண்ணில் முளைத்தது என்று அவற்றைப் பார்த்து இனி யாரும் ஏமாற மாட்டார்கள்.